வயலை நிரப்பாமல் விளையில் ஒரு வீடு

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, குழித்துறையிலிருந்து சற்று உள்ளே, பட்டணங்காலின் கிளை வாய்க்கால் பாயும் ஏலா என்னும் வயல்வெளியையொட்டி எங்கள் அப்பாவின் 62 சென்ட் நிலம் உள்ளது. அண்ணனும் நானும் பாகப்பிரிவினை செய்து பதிந்ததில் அது என் பங்குக்கு வந்தது. மேலே உள்ள 40 சென்ட் விளை, அதாவது மேட்டுத் தோட்ட நிலம், மூன்று தட்டுகளாகக் கையாலை (கல் அடுக்கிய தாங்குசுவர்) கட்டியது. அதில் தென்னையும் கொஞ்சம் ரப்பரும் நிற்கின்றன. கீழே 22 சென்ட் வயல். ஏழெட்டு வருடங்களாக நெல் போடவில்லை, வாழை வைத்திருக்கிறோம். வயலின் தெற்கே ஊராட்சிச் சாலை போகிறது. விளையின் வடக்கே பக்கத்து நிலத்துக்காரரின் தோட்டம் வழியாக 6 அடி நடைபாதை மட்டும் ஏறத்தாழ 180 அடி சென்று இன்னொரு சாலையில் சேர்கிறது. நானும் கணவரும் மஸ்கட்டில் வேலை பார்க்கிறோம். இரண்டு ஆண்டில் ஊர் திரும்பி, முட்டுவலியால் சிரமப்படும் அம்மாவோடு அங்கேயே இருக்க நினைக்கிறோம். சாலையோரமாக வயலில் 10 சென்டை 5 அடி உயரத்துக்கு மண் நிரப்பி, 2,000 சதுர அடியில் இரண்டு தட்டுக் கான்கிரீட் வீடு கட்டிவிடலாம் என்று ஒரு கான்ட்ராக்டர் சொல்கிறார். வயலில் 10 சென்ட் வரை வீடு கட்ட அனுமதி உண்டு என்று பாறசாலையில் இருக்கும் சித்தப்பாவும் சொல்கிறார். எங்கே கட்டலாம், எப்படிக் கட்டலாம், மீதி வயலை என்ன செய்யலாம் என்று ஐயா வழிகாட்ட வேண்டும்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தோடு வந்த படங்களையும் கையால் வரைந்த நில வரைபடத்தையும் பொறுமையாகப் பார்த்தேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு விளையின் மேல்தட்டில் வர வேண்டும், வயலில் ஒரு கூடை மண்ணும் விழக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சட்டம் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்த நிலத்தின் மண்ணும் தண்ணீரும் உங்கள் அம்மாவின் முட்டும் சேர்ந்து அந்த இடத்தைத்தான் காட்டுகின்றன.

சித்தப்பா சொன்னது பொய்யில்லை, ஆனால் அது களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துச் சட்டம். கேரளத்தில் 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீடு கட்டத் தகுந்த வேறு நிலம் இல்லாத குடும்பத்துக்கு, ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரையும் நகராட்சிப் பகுதியில் 5 சென்ட் வரையும் குழுக்களின் பரிந்துரையின் பேரில் இசைவு கிடைக்க வழியுண்டு. மேலே 40 சென்ட் விளை வைத்திருக்கும் நீங்கள் அங்கே இருந்திருந்தாலும் அந்தச் சலுகைக்குள் வருவது கடினம். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு இணைந்துவிட்டதால், இங்கே பொருந்துவது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் 47-அ பிரிவின்படி, திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும், அந்த அனுமதிக்கு முன்னதாக நகர் ஊரமைப்பு இயக்குநரின் இசைவும் வேண்டும். இதற்கென 2017-இல் தனி விதிகளும் வந்துள்ளன. நஞ்சை என்றால் வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் கருத்துச் சொல்ல வேண்டிய கட்டம் வரும். அங்கேதான் கோப்பு நிற்கும், பெரும்பாலும் நிற்கவும் வேண்டும்.

வாழை வைத்து ஏழெட்டு வருடம் ஆகிவிட்டதால் அது வயல் இல்லை என்றாகிவிடும் என்று நம் பக்கத்தில் பரவலாக ஓர் எண்ணம் இருக்கிறது. நிலத்தின் வகைப்பாட்டை முடிவு செய்வது கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேடு. அதில் நஞ்சை என்று இருந்தால், மேலே வாழை நின்றாலும் தென்னை நின்றாலும் ஒன்றும் நிற்காமல் தரிசாகக் கிடந்தாலும் அது நஞ்சைதான். முதலில் மண்ணை நிரப்பிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் போதும் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருந்தால் அதை ஏற்க வேண்டாம். வாய்க்காலில் இருந்து உங்கள் வயல் வழியாகப் பக்கத்து வயலுக்கு மடை இருக்கிறதை உங்கள் படத்திலேயே பார்க்கிறேன். அந்த மடை அடைபட்டால் கீழ் வயல்காரர் புகார் கொடுப்பார், கொடுக்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. நிரப்புவதற்கு வரும் செம்மண்ணை எங்கோ ஒரு குன்றிலிருந்து வெட்டி எடுக்கக் கனிமவளத் துறையின் அனுமதியும் வேண்டும். அனுமதியில்லாத மண் வண்டி பிடிபட்டால் அதில் உங்கள் பெயரும் இழுபடும்.

இனி மண்ணைப் பற்றி. உங்கள் பட்டணங்காலும் சேர்ந்த கோதையாறு பாசனத்தில் வழக்கமாக ஜூன் தொடங்கி பிப்ரவரி வரை கால்வாய்களில் தண்ணீர் விடுகிறார்கள். அதாவது மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஆண்டில் 9 மாதங்கள் உங்கள் வயலின் அடிமண் ஈரத்தில் ஊறியே இருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம் இது. 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தில் இங்குள்ள ஏலாக்கள் எப்படி நிரம்பிக் கிடந்தன என்பதை அண்ணன் உங்களுக்குச் சொல்லியிருப்பார். அப்படிப்பட்ட களிமண்ணின் மேல் 5 அடி புதுமண்ணைக் கொட்டி, அதன்மேல் இரண்டு தட்டு வீட்டை நிறுத்தினால், நிரப்பிய மண் முதலில் இறங்கும், பிறகு அதன் பாரத்தில் அடியிலிருக்கும் களியும் மெல்ல இறங்கும். இரண்டும் ஒரே அளவில் இறங்காது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. அதைத் தவிர்க்க ஆழத்துக்குத் தூண் இறக்கும் பைல் அஸ்திவாரம் போடலாம், ஆனால் சாலையோர இடம் என்பதற்காக நீங்கள் மிச்சப்படுத்திய பணம் அத்தனையும் மண்ணுக்குள் போய்விடும்.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். 10 சென்ட் என்பது 4,356 சதுர அடி. 5 அடி உயரத்துக்கு அதை நிரப்ப 21,780 கன அடி, அதாவது 100 கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 217 யூனிட்டுக்கு மேல் மண் வேண்டும். உருளை ஓட்டி இறுக்கினால் இன்னும் கூடும். அதோடு மூன்று பக்கமும் தாங்குசுவர் கட்ட வேண்டும். கான்ட்ராக்டரின் மதிப்பீட்டில் இந்தச் சுவர் ஒரு வரியில்கூட வரவில்லை.

வாயால் சொன்னால் நம்பிக்கை வராது என்பதால் ஒரு சிறிய சோதனை சொல்கிறேன். அடுத்த முறை நீங்கள் விடுமுறையில் வரும்போது, அல்லது அண்ணனையே கேட்டு ஆடி மழையில், வயலில் ஒன்றும் மேல்தட்டில் இரண்டுமாக மூன்றுக்கு மூன்று அடியில், 5 அடி ஆழத்துக்குக் குழி எடுக்கச் சொல்லுங்கள். வயல் குழியில் இரண்டடிக்குள்ளேயே சாம்பல் நிறக் களி வரும், மறுநாள் காலையில் குழியில் தண்ணீர் நிற்கும். மேல்தட்டுக் குழியில் மேல்மண் ஓரடி கழிந்ததும் செம்மண்ணும் அதற்குக் கீழே கடப்பாரை துள்ளுகிற சரளையும் வரும் என்று எதிர்பார்க்கிறேன். மேல்தட்டில் ஒரு குழி வடக்கு ஓரத்திலும் மற்றது தெற்கே கையாலைக்குப் பக்கத்திலும் இருக்கட்டும். காரணம் இது: சரிவில் தட்டு எடுக்கும்போது உட்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணை வெளிப்பக்கம் போட்டுத்தான் சமன் செய்வார்கள். ஆகவே வடக்கே இருப்பது பிறவி மண், தெற்கு ஓரத்தில் இருப்பது உங்கள் தாத்தா காலத்தில் போட்ட மண். எந்த இடத்தில் மண் மாறுகிறது என்று தெரிந்தால்தான் வீட்டின் தெற்குச் சுவர் எங்கே நிற்கலாம் என்று முடிவு செய்ய முடியும். மூன்று குழியின் மண்ணையும் அடிவாரியாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பொறியாளருக்கு அது பெரிதும் உதவும்.

ஆவணங்களை வீட்டு வரைபடத்துக்கு முன்னால் சரிசெய்ய வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருந்தும் பட்டா இன்னும் அப்பா பெயரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உட்பிரிவு செய்து உங்கள் பெயரில் தனிப்பட்டா வாங்குங்கள். அப்போது விளை ஒரு உட்பிரிவாகவும் வயல் ஒரு உட்பிரிவாகவும் தனித்தனியே புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) விழ வேண்டும் என்று நில அளவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இது மிக முக்கியம். இரண்டும் ஒரே எண்ணில் கிடந்தால், விளையில் வீடு கட்டுவதற்கான விண்ணப்பத்தின் மேலும் நஞ்சை என்ற நிழல் விழும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துத் தாய்ப்பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கும், பழைய சர்வே எண்ணும் ரீசர்வே எண்ணும் மாறி மாறி வரும். இரண்டு எண்ணும் ஒன்றையே குறிக்கின்றன என்பதை ஒத்துப்பார்த்து உறுதி செய்யுங்கள். வில்லங்கச் சான்றையும் இரண்டு எண்ணிலும் தேடி எடுக்க வேண்டும். ரப்பர் நிற்கும் நிலம் என்பதால் இன்னொன்றையும் பார்த்துவிடச் சொல்கிறேன். நம் மாவட்டத்தின் மலையோரப் பகுதிகளில் பட்டா நிலங்கள் பல 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்திருக்கின்றன. சில கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக்கான, ‘ஹாகா’ என்று அலுவலகங்களில் சொல்லப்படுகிற குழுமத்தின் வரம்பிலும் உள்ளன. குழித்துறையை ஒட்டிய உங்கள் நிலம் அவற்றில் வர வாய்ப்புக் குறைவு என்றாலும், கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுத்தில் தெரிந்துகொண்டால் பிறகு வங்கிக் கடனுக்குப் போகும்போது தடை வராது.

உங்களுக்கு உண்மையில் இருக்கும் சிக்கல் வழிதான். கான்ட்ராக்டர் வயலைக் காட்டியதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். சாலையிலிருந்து வயலுக்குக் குறுக்கே வண்டிப் பாதை போட்டு விளைக்கு ஏறலாமே என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். அதுவும் நஞ்சையை நிரப்புவதுதான், மடையையும் மறிக்கும். அதனால் வடக்கே இருக்கும் நடைபாதையை அகலமாக்குவதையே முதல் வழியாகக் கொள்ளுங்கள். 6 அடிப் பாதையை 12 அடியாக்க, 180 அடி நீளத்துக்கு இன்னும் 6 அடி வேண்டும். 1,080 சதுர அடி, ஏறத்தாழ இரண்டரை சென்ட். உங்கள் விளையின் கிழக்கு ஓரம் அதே பக்கத்து நிலத்துக்காரரின் தோட்டத்தோடு ஒட்டியிருப்பதாக வரைபடம் சொல்கிறது. அங்கே அதே அளவு இடத்தை அவருக்குக் கொடுத்துப் பாதைக்கான இடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பரிவர்த்தனைப் பத்திரமாகவே இதைப் பதிவு செய்யலாம். பணம் கொடுத்து வாங்குவதைவிட இடத்துக்கு இடம் கொடுப்பதை நம் ஊர்க்காரர்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். அவருக்கும் தன் தோட்டத்துக்குள் லாரி வர ஒரு வழி கிடைக்கிறது. பெரியவர்களை வைத்து அம்மாவோ அண்ணனோ நேரில் போய்ப் பேசட்டும், தொலைபேசியில் பேச வேண்டாம். பேசி முடிந்ததும் வாய்மொழியில் விடாமல், பாதையின் அகலம், நீளம், நான்கெல்லை, வண்டி செல்லும் உரிமை ஆகியவற்றை எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். இன்று நட்பாக இருக்கிற பக்கத்து வீட்டின் அடுத்த தலைமுறை வேறு ஊரில் இருந்துகொண்டு வேறு மாதிரி பேசக்கூடும்.

அனுமதிக்கான விண்ணப்பம் ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகவே போகும். 2024 ஜூலையில் அறிமுகமான சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கும் என்று உங்களிடம் யாரேனும் சொல்லலாம். அது 2,500 சதுர அடிக்குள் இருக்கும் மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோருக்கான ஏற்பாடு. உங்கள் விளை 17,424 சதுர அடி. அந்தச் சலுகைக்காக ஐந்தரை சென்டை மட்டும் தனியாகப் பிரித்து எழுதச் சொல்பவர்கள் உண்டு. விவசாய நிலத்தைத் துண்டு போட்டு அங்கீகாரம் இல்லாத மனை ஒன்றை நீங்களே உண்டாக்குவதில்தான் அது முடியும், பிற்காலத்தில் விற்கவோ கடன் வாங்கவோ போகும்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். வழக்கமான வழியில், 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்கு ஏற்ப வரைந்து, பதிவு பெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞர் வழியாக விண்ணப்பியுங்கள். இரண்டு ஆண்டு அவகாசம் இருப்பவருக்குச் சில மாதத் தாமதம் பெரிய இழப்பில்லை.

இப்போது வீட்டைப் பற்றி. மேல்தட்டு வடக்கு தெற்காக 45 அடி அகலம் என்று குறித்திருக்கிறீர்கள். அதில் தெற்கே கையாலையிலிருந்து 10 அடி தள்ளித்தான் கட்டடத்தின் எந்தப் பாரமும் வர வேண்டும். வடக்கே 11 அடி முற்றமாக விடலாம். இடையில் கிடைப்பது 24 அடி. ஆகவே வீடு கிழக்கு மேற்காக 62 அடி நீளமும் 24 அடி அகலமும் கொண்ட நீளவாக்கு வீடாக, திண்ணை உட்பட ஏறத்தாழ 1,500 சதுர அடியில் மாடியில்லாமல் அமையும். தட்டை மேலும் வெட்ட வேண்டியதில்லை, நிரப்ப வேண்டியதுமில்லை. சரிவு நிலத்தில் சதுரமான வீட்டைத் திணிக்கும்போதுதான் ஜேசிபி வந்து குன்றைப் பிளக்கிறது, பிறகு பத்தடிச் சுவர் எழுப்பி மழைக்காலம் முழுவதும் அதைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்க வேண்டியதாகிறது. மார்த்தாண்டத்துக்கும் அருமனைக்கும் இடையே இப்படிப் பிளந்த குன்றுகளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

கையாலையைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் படத்தில் இருப்பது சாந்து இல்லாமல் கல்லை அடுக்கி, இடுக்கில் சில்லுக்கல் செருகிக் கட்டிய பழைய வேலை. ஒவ்வொரு வரியும் அரை அங்குலம் உள்ளே தள்ளி ஏறுவதால் சுவர் நிலத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது, கல்லுக்கு இடையே உள்ள சந்து வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியேறுகிறது. அழகாக இருக்கட்டும் என்று அதன்மேல் சிமென்ட் பூசிவிடாதீர்கள். தண்ணீர் வெளியேற வழியில்லாத கையாலை ஒரு நல்ல மழையில் வயிறு தள்ளிச் சரிந்துவிடும். கீழ்த்தட்டில் வயலோரமாக இடிந்து கிடக்கும் ஏழெட்டடியை மட்டும் அதே முறையில் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள். இந்த வேலை தெரிந்த மேஸ்திரிகள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள்.

வெயிலும் மழையும் வரும் திசைகளை வைத்துத்தான் அறைகளைப் பிரிக்க வேண்டும். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 8 டிகிரிக்குச் சற்று மேலேதான் இருக்கிறோம். அதனால் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று நினைத்து அங்கே சன்ஷேடு இல்லாமல் பெரிய கண்ணாடி வைக்கும் வடிவங்களை இணையத்தில் பார்த்து வரைந்துவிடுகிறார்கள். அவை நமக்குப் பொருந்தா. வடக்கிலும் தெற்கிலும் இறவானம் (கூரையின் வெளிநீட்டம்) 3 அடிக்குக் குறையாமல் நீள வேண்டும். கிழக்கு மேற்குச் சுவர்கள் 24 அடி மட்டுமே என்பது இந்த அமைப்பில் கிடைக்கும் பெரிய நன்மை. காலை மாலைச் சாய்வெயில் படும் பரப்பு அவ்வளவுதான். தென்மேற்கிலிருந்து வரும் காற்று ஏலாவின் ஈரத்தைத் தொட்டு ஏறி வருவதால், தெற்குப் பக்கம் முழுவதும் 7 அடி அகலத் திண்ணை விட்டு, அதற்குப் பின்னால் அறைகளை ஒரே வரிசையில் வைத்தால் ஒவ்வொரு அறைக்கும் தெற்கிலும் வடக்கிலும் ஜன்னல் கிடைக்கும். ஆனி ஆடியில் சாரல் அடிக்கும்போது அறை நனையாமல் திண்ணை தாங்கிக்கொள்ளும். சமையலறை கிழக்கு முனையில் இருக்கட்டும், காற்றின் போக்கில் புகையும் தாளிப்பு வாசமும் வீட்டுக்குள் வராமல் வெளியே போகும். அம்மா வாஸ்து பார்க்கச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். சமையலறை அக்னி மூலையிலும் பெரிய படுக்கையறை கன்னிமூலையிலும் வந்துவிடுவதால் அவர்களுக்கும் மனக்குறை இருக்காது.

கூரைக்கு என் பரிந்துரை ஓடு. நம் பக்கத்தில் வீட்டுக்குள் வரும் வெப்பத்தில் பெரும்பங்கு கூரை வழியாகவே வருகிறது. தட்டையான கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூடேறி, இரவில் தூங்கும் நேரத்தில் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. மழையில் ஒழுகத் தொடங்கினால் அதன்மேல் தகரக் கொட்டகை போடுவதுதான் இன்று ஊரெங்கும் நடக்கிறது. அந்தக் கொட்டகைக்கு ஆகும் பணத்தை முதலிலேயே கூரைக்குச் செலவிடலாம். 25 முதல் 30 டிகிரி சாய்வில் இரும்புச் சட்டம் வைத்து மேலே மங்களூர் ஓடும் கீழே சீலிங் ஓடும் போட்டால் இரண்டுக்கும் நடுவில் காற்று நிற்கும். குளியலறைகளுக்கும் சமையலறைக்கும் மட்டும் கான்கிரீட் தளம் போட்டு, தண்ணீர்த் தொட்டியை அங்கே வைக்கலாம். உங்கள் விளையில் நிற்கும் அயனி மரம் வெட்டும் பருவத்தில் இருந்தால் கதவு, ஜன்னல் நிலைகளுக்கு அதுவே போதும், இப்போதே அறுத்து நிழலில் அடுக்கினால் இரண்டு ஆண்டில் நன்றாக உலர்ந்துவிடும். மாடியை விட்டுவிடச் சொல்வது உங்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கலாம். மூன்று பேர் வாழப்போகும் வீட்டில், அதில் ஒருவரால் படி ஏற முடியாது என்ற நிலையில், பூட்டியே கிடக்கும் மாடிக்குப் பெருக்கவும் பெயின்ட் அடிக்கவும் ஆள் தேடுவதைத் தவிர வேறு பயனை நான் காணவில்லை.

அம்மாவுக்காகச் சில அளவுகள். தரைமட்டம் முற்றத்திலிருந்து ஒன்றரை அடி உயரம் என்றால், சரிவுப் பாதை 12-க்கு 1 என்ற கணக்கில் 18 அடி நீளம் வேண்டும். வடக்கு முற்றத்தில் சுவரையொட்டி அது வந்துவிடும். எல்லாக் கதவும், குளியலறைக் கதவு உட்பட, 3 அடிக்குக் குறைய வேண்டாம். அவர்கள் அறையும் குளியலறையும் அடுத்தடுத்து இருக்கட்டும், நடுவில் வாசல்படி வேண்டாம். கழிப்பறைச் சுவரில் பிடிக்கம்பி வைக்கும் இடத்தில் சுவரைத் திடமாகக் கட்டச் சொல்லுங்கள், பின்னால் துளைபோட்டு மாட்டும் கம்பி பெரியவர்களின் எடையைத் தாங்காமல் கழன்று வரும்.

மரங்களில் தென்னை கூரையிலிருந்து 15 அடியாவது தள்ளி நிற்க வேண்டும். ரப்பரை அவ்வளவு தூரத்திலும் நம்ப முடியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது ரப்பர் மரங்கள் நடுவிலேயே முறிந்து தோட்டம் தோட்டமாக விழுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வீட்டின் மேல் சாயக்கூடிய உயரத்தில் நிற்கும் ரப்பரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொக்கோ, ஜாதிக்காய் போன்று ரப்பர் அளவுக்கு உயராத மரங்களை வைக்கலாம். மேற்கே நிற்கும் பலாவைத் தொடாதீர்கள், மாலை வெயிலுக்கு அதைவிட நல்ல மறைப்பு கிடையாது.

கிணறு வயலோரமாக இருப்பதால் செப்டிக் டேங்கின் இடத்தை யோசித்து வையுங்கள். உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. உங்கள் நிலத்தில் சரளை மண் என்பதால் தண்ணீர் வேகமாக இறங்கும், கிணறு வேறு சரிவின் கீழே இருக்கிறது. எனவே இதை 100 அடியாக வைத்துக்கொள்வது நல்லது. விளையின் வடமேற்கு மூலையில் அது கிடைக்கும். குளியலறை, சமையலறைத் தண்ணீரை அதில் சேர்க்காமல் தனிக் குழாயில் நடுத்தட்டு வாழைக்கு விடுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்பதால் எல்லோரும் வரைபடத்தில் ஒரு வட்டம் போடுகிறார்கள். உங்கள் நிலத்தில் அது உண்மையிலேயே வேண்டும். 1,500 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 7,000 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது. அதை ஒரே இடத்தில் கொட்டவிட்டால் மேல்தட்டுக் கையாலையே அரித்துப் போகும். கூரையோரத்தில் தண்ணீர்ப் பாத்தி வைத்துக் குழாயில் இறக்கி, வீட்டின் கிழக்கே ஒரு தொட்டியில் சேர்த்து, நிரம்பி வழிவதைக் கல் பாவிய ஓடையில் தட்டுத் தட்டாக இறக்கி வாய்க்காலில் விடுங்கள். மின்சாரத்தைப் பொறுத்தவரை, கிணற்று மோட்டாருக்கு இருக்கும் இலவச விவசாய இணைப்பிலிருந்து வீட்டு வேலைக்கு ஒரு நாள்கூட எடுக்கக் கூடாது. கட்டுமானத்துக்குத் தற்காலிக இணைப்பும் முடிந்ததும் வீட்டு இணைப்பும் தனியாக வாங்குங்கள்.

கடைசியாக, மீதி வயல் என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். என் கணக்கில் 22 சென்டும் அப்படியே இருக்கிறது. தண்ணீர் வரும் வயலை ஏழெட்டு ஆண்டு வாழைக்குக் கொடுத்தபின் மீண்டும் நெல்லுக்குத் திருப்புவது நடக்காத காரியம் இல்லை. வாழைக்காக எடுத்த பணையை (மண்மேட்டை) உடைத்துச் சமன்படுத்தி, வரப்பை உயர்த்தி, மடையைத் தூர்வாரினால் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவங்களில் ஒன்றுக்கு விதைக்கலாம். உங்கள் ஒருவர் வயலில் மட்டும் நெல் என்றால் மயிலும் எலியும் விடாது என்பதால், பக்கத்து வயல்காரர்களோடு பேசிச் சேர்ந்து இறங்குவதே நல்லது. நீங்கள் ஊர் திரும்பும் வரை பயிர் செய்யத் தெரிந்த ஒருவரிடம் ஆண்டுக் கணக்கில் எழுத்து ஒப்பந்தத்தோடு விடுங்கள். அந்த ஒப்பந்தத்தில் மண் எடுக்கவும் மண் போடவும் கூடாது என்றும், கீழ் வயலுக்குப் போகும் மடை எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்றும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். தனிப்பட்டாவும் புலப்படமும் கைக்கு வந்ததும் குழிகளின் படங்களோடு அனுப்பினால், சுவர்களின் இடத்தை அளவோடு குறித்து எழுதுகிறேன்.